தப்பாகப் பிறந்த "ஓ.கே."

"மூட்டை எல்லாம் ஏத்தியாச்சா?"

"ஓ.கே.ண்ணே! வண்டியை எடுங்க!"

பாப்பிரெட்டிப்பட்டியில் புளி மூட்டை ஏற்றுகிறவர் இப்படித்தான் குரல் கொடுக்கிறார். "ஓ.கே." சொல்லாத வாய் தர்மபுரி ஜில்லாவில் ஏது? பேத்தி சொல்கிறாள். பாட்டியும் சொல்கிறாள். பொருள் "சரி", அவ்வளவுதான்.

ஆனால், அதை எழுதச் சொன்னால் கை தயங்குகிறது. இரண்டு எழுத்துப் போதுமா, நாலு எழுத்து வேண்டுமா? தப்பாகிவிட்டால் சிரிப்பார்களே!

வேடிக்கையைக் கேளுங்கள். அந்த வார்த்தையே எழுத்துப் பிழையில் பிறந்ததுதான்!

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். 1839-ம் ஆண்டில் அங்கிருந்த பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. வார்த்தைகளை வேண்டுமென்றே தப்பாக எழுதுவார்கள். பிறகு முதல் எழுத்துக்களை மட்டும் போடுவார்கள். "எல்லாம் சரி" என்பதற்கு இங்கிலீஷில் "ஆல் கரெக்ட்". முதல் எழுத்துக்கள் "ஏ", "சி". குறும்புக்காரர்கள் அதை "ஓ", "கே" ஆக்கிவிட்டார்கள்! மார்ச் 23-ந் தேதி "பாஸ்டன் மார்னிங் போஸ்ட்" பத்திரிகையில் அது அச்சேறியது.

மறு வருஷம் ஜனாதிபதி தேர்தல். மறுபடியும் நின்ற ஜனாதிபதி வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹுக். ஊர்ப் பெயரை வைத்து "ஓல்டு கிண்டர்ஹுக்" என்று அவரை அழைத்தார்கள். அதற்கும் அதே "ஓ", "கே"! ஆதரவாளர்கள் அதையே கோஷமாக்கினார்கள். அவர் தோற்றார். வார்த்தை ஜெயித்தது.

பின்னாளில் ஜனாதிபதியான உட்ரோ வில்சன், அது செவ்விந்தியர் பாஷை என்று எண்ணி, கடைசியில் "எச்" சேர்த்து எழுதினார். அவரோ முன்னாள் பேராசிரியர்! ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, 1963, 1964-ம் ஆண்டுகளில் உண்மையை எழுதினார்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஜில்லாவில் நூற்றுக்கு 68 பேர்தான். தமிழ்நாட்டிலேயே அதுதான் கடைசி இடம். அப்படிப்பட்ட ஊரில், ஒரு அம்மா கஷ்டப்பட்டு எழுத்துக் கற்று, செல்போனில் நாலு வார்த்தை தட்டி அனுப்புகிறாள். காலேஜ் படிக்கும் மகன் பிழையைக் காட்டிச் சிரிக்கிறான். மறுநாள் அவள் தட்டுவதில்லை. குற்றம் யாருடையது? சிரித்தவனுடையதே என்பேன். பிழையைச் சிரிக்காமலே திருத்தலாமே!

அந்தத் தம்பிக்கு இன்னொரு சேதி. "ஓ.கே." என்று அம்மா இரண்டு எழுத்தில் தட்டினாலும் சரி, நாலு எழுத்தில் தட்டினாலும் சரி. இரண்டுமே இங்கிலீஷ் அகராதியில் இருக்கின்றன.