பவுடர் கோட்டிங்குக்கு அடியில் என்ன இருக்கிறது?

புரட்டாசிப் பட்டம் நெருங்கினால் சாத்தூர், அருப்புக்கோட்டை, விருதுநகர் கரிசல் காட்டில் விதைப்புக் கருவிகளுக்குத் தேடல் தொடங்கிவிடும். டிராக்டரில் மாட்டும் விதை, உரக் கருவியை வாங்கப் போனால் நாம் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். 'பவுடர் கோட்டிங், துருவே பிடிக்காது' என்பார் விற்பவர். நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். இரண்டாவது பட்டத்திலேயே உரப்பெட்டியின் உள்மூலையில் பூச்சு பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. அடியில் செந்துரு.

குறை பவுடரில் இல்லை, அதை அடிக்கும் முன் இரும்பைத் தயார் செய்த விதத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சிவகாசிப் பக்கம் பவுடர் என்றாலே மத்தாப்புக்குப் போகும் அலுமினியப் பவுடர்தான் நினைவுக்கு வரும். இது வேறு. பெரும்பாலும் பாலியஸ்டர் பிசினை அரைத்த தூள். மின்னேற்றி வீசி, சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வைத்தால் உருகிப் படலமாகிறது. அதன் கனம் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருந்தால் படலம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

சாதா இரும்புத் தகட்டுக்குப் பட்டறைகளில் 'செவன் டேங்க்' என்பார்கள். எண்ணெய் நீக்கி, அலசி, அமிலத்தில் துரு எடுத்து, மறுபடி அலசி, பாஸ்பேட் கரைசலில் முக்கி, ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும். அந்த பாஸ்பேட் படிவுதான் பூச்சுக்குப் பிடிமானம். தடித்த தகட்டின் கருநீலச் செதிளும் வெல்டிங் கசடும் அமிலத்தில் முழுசாகப் போகாது. அதற்குச் 'சாண்ட் பிளாஸ்டிங்' செய்ய வேண்டும்.

எல்லா உலோகத்துக்கும் இதே வைத்தியம் பார்ப்பதுதான் பெரிய தவறு. ஜி.ஐ. பைப்பைக் கடும் அமிலத்தில் போட்டால் துத்தநாகமே கரைந்துவிடும். அதில் அடைபட்ட வாயு சூளையில் வெளியேறி, பூச்சில் ஊசித் துளை விழும். பவுடர் அடிக்கும் முன் ஒருமுறை சுட்டு அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் குடித்த வார்ப்பிரும்புக்கும் இதே கதிதான். அலுமினியத்துக்குத் தனிக் கரைசல் தேவை.

நம் பகுதிக்கென்று இன்னொரு சங்கடம் உண்டு. பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர். கடைசி அலசலை அதிலேயே முடித்தால் உப்பு இரும்பில் தங்கி, ஈரத்தை இழுத்து, பூச்சைக் கொப்புளமாக்கும். கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். உரப்பெட்டியில் நாம் கொட்டும் பொட்டாஷும் குளோரைடு உப்புதான். பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் அது வழியே இறங்கி இரும்பைத் தின்னும்.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம் விலையை அடித்துப் பேசும்போது அவர் முதலில் கைவைப்பது கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையில்தான். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு. பொதுப்பணம் போகும் கருவியில் என்ன உலோகம், பூச்சுக்கு முன் அதற்கு என்ன செய்யப்பட்டது என்று விற்பவர் எழுதித் தரவேண்டும் என்பதை வேளாண் பொறியியல் துறை நிபந்தனையாக்க வேண்டும். பட்டறையின் அமிலக் கழிவைச் சுண்ணாம்பால் முறித்துச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் அது நம் கண்மாய்க்குத்தான் வரும். அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதுவரை நாமே பார்க்கலாம். பட்டறையில் கழுவிய தகட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவாமல் முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். பூசிய மாதிரித் துண்டு ஒன்றில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கருவி வந்த பிறகு, விதைப்பு முடிந்த அன்றே உரப்பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள். நான் அதைச் செய்யவில்லை, அதற்கான பங்கு என்னுடையது.