மாடல் தப்பானா பேங்குக்கு யார் பதில் சொல்றது?

ஊர்ல இருக்கற நண்பன் போன வாரம் போன்ல கேட்டான், "அமெரிக்கா போய் அப்படி என்னதான்டா படிக்கறே?" "சோளத்துக்கு எவ்வளவு உரம் போடணும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இதுக்கா விசா வாங்கிட்டுப் போனே?" நியாயமான கேள்விதான். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

நான் இருக்கறது அயோவா. எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம், விட்டா சோயா. மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து நிறைய வேணும். ஆனா எவ்வளவுன்னு மே மாசத்துல யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. மண்ணில் உள்ள கரிமப் பொருள், சூடும் ஈரமும் சரியா அமைஞ்சா மக்கி, தானே தழைச்சத்தைக் கொடுக்கும். மழை கொட்டித் தீர்த்தா, போட்ட உரம் நைட்ரேட்டாக மாறி, வயலுக்கடியில் பதிச்சிருக்கற வடிகால் குழாய் வழியா ஆத்துக்குப் போயிடும். அதே வயல், அதே விதை.. ஒரு வருஷம் ஏக்கருக்கு 100 பவுண்டு போதும், இன்னொரு வருஷம் 200 பத்தாது.

இங்கேதான் கம்ப்யூட்டர் மாடல் வருது. ஆஸ்திரேலியாவில் உருவான ஆப்சிம், கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான அடாப்ட்-என் மாதிரி சிலது இருக்கு. மண்ணின் தன்மை, விதைச்ச தேதி, நேத்து வரைக்கும் பெய்த மழை எல்லாத்தையும் கொடுத்தா, மண்ணுக்குள்ள தழைச்சத்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நாள்வாரியா கணக்குப் போடும். மேலுரம் எவ்வளவு தேவைன்னு சொல்லும்.

இதுல என்ன பெரிய விஷயம்னா, தண்ணி. இந்த மாநிலத் தலைநகர் டி மாய்ன் (எழுதறது ஒண்ணு, படிக்கறது ஒண்ணு!) ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்குது. குடிநீரில் நைட்ரேட் அளவு, நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்காவில் சட்டம். தாண்டினா கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. 2025 ஜூனில் ஆறுகளில் நைட்ரேட் ஏறிப் போய், வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணி விடக் கூடாதுன்னே தடை போட்டாங்க. தண்ணிப் பஞ்சம் இல்ல. அவ்வளவு தண்ணியைச் சுத்தம் பண்ண முடியல! 2015-லேயே நகரக் குடிநீர் நிறுவனம் மேல்பக்கத்து மூணு மாவட்டங்கள் மேல கேஸ் போட்டுப் பார்த்தது. 2017-ல தள்ளுபடி ஆயிடுச்சு.

அப்ப மாடல் சொல்றபடி உரத்தைக் குறைச்சா முடிஞ்சதுதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன், ஒரு விவசாயியைப் பார்க்கற வரைக்கும்.

அறுபது வயசைத் தாண்டினவர். மாடல் 130 பவுண்டு போதும்னு சொல்லுச்சு. அவர் 170 போட்டார். ஏன்னு கேட்டேன். "உன் கம்ப்யூட்டர் தப்பாப் போச்சுனா, பேங்க்காரன்கிட்ட அது வந்து பேசுமா?"ன்னார். பதில் சொல்லத் தெரியாம பூட்ஸ் மண்ணைத் தட்டிக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு உதாரணத்துக்கு, உரம் பவுண்டு 60 சென்ட்டுன்னு வெச்சுக்குங்க. 40 பவுண்டு கூடப் போட்டா ஏக்கருக்கு 24 டாலர் வீண். குறைச்சுப் போட்டு 15 புஷல் போச்சுனா, புஷல் 4 டாலர்னாலும் 60 டாலர் நஷ்டம். ஆயிரம் ஏக்கருக்கு 60,000 டாலர்! அவருக்கு அந்த 40 பவுண்டு உரம் இல்லீங்க, இன்ஷூரன்ஸ் பிரீமியம். அவர் முட்டாள் இல்ல. பத்து வருஷத்துச் சராசரியில் மாடல் ஜெயிக்கலாம். ஆனா கடன் தவணை வருஷா வருஷம் கட்டணுமே!

மாடல் தப்பானா எனக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்ல. "இந்த ஆண்டு வானிலை வழக்கத்துக்கு மாறானது"ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த பேப்பருக்குப் போயிடுவேன். இது எனக்கு உறுத்துது.

அதனால நான் சொல்றது ரெண்டு. ஒண்ணு, மாடல் "130"ன்னு ஒத்தை எண்ணைச் சொல்லிட்டு ஒதுங்கக் கூடாது. "110-லிருந்து 165 வரைக்கும் இருக்கலாம்"னு தன் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லணும். ரெண்டாவது, குறைக்கச் சொல்றவங்க நஷ்டத்திலும் பங்கு எடுத்துக்கணும். இது புதுசு இல்ல. 2000-களில் அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் பி.எம்.பி. சேலஞ்ச்னு ஒரு திட்டம் நடத்தினாங்க. வயலில் ஒரு பட்டைக்கு மட்டும் விவசாயி தன் வழக்கப்படி உரம் போடுவார், மத்த இடத்தில் குறைச்சுப் போடுவார். குறைச்ச இடத்தில் வருமானம் விழுந்தா அந்த வித்தியாசத்தைத் திட்டம் கொடுக்கும்.

"விவசாயிக்கு ஏன் இனாமாக் கொடுக்கணும்?"னு கேப்பீங்க. நகரத்து மக்கள் இப்பவே நைட்ரேட்டை வடிகட்டக் காசு கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதுல கொஞ்சத்தை மேல்பக்கத்து வயலுக்கு அனுப்பலாமே. மழை கொட்டுற ஒரே வருஷத்துல எல்லாருக்கும் சேர்த்து நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வரலாம், உண்மைதான். அந்தப் பாரத்தை ஒரு மாநிலத்தாலேயே தாங்க முடியாதுன்னா, தனி மனுஷன் தாங்கணும்னு எப்படி எதிர்பார்க்கறோம்?

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். நெல்லுக்கு இலை வண்ண அட்டையைக் கையில் கொடுத்தாலும், "எதுக்கும் இருக்கட்டும்"னு அரை மூட்டை யூரியா சேர்த்துப் போடறவர் அவர். "அந்த வெள்ளைக்காரர் சொல்றது சரிதான்"னுட்டார் :-)

அந்தப் பெரியவர் அடுத்த வருஷம் ஓரத்துல 12 வரிசை மட்டும் என் கணக்குப்படி போட்டுப் பார்க்கறதா சொல்லியிருக்கார். அந்த 12 வரிசைக்கு நஷ்டம் வந்தா யார் கொடுக்கறதுன்னு என் பேராசிரியர்கிட்ட கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.

ஊர்ல நிலம் வெச்சிருக்கறவங்க சொல்லுங்க.. ஒரு கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு நீங்க அரை மூட்டை குறைப்பீங்களா?