அம்மா என்ன தப்பு செய்தார்? குழந்தைகளின் ‘ஜெர்ம் செல்’ கட்டியும் சுவிட்ச் குளறுபடியும்!

குழந்தைக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘என்ன சிகிச்சை?’ என்பதுதான். ஆனால், பல வீடுகளில் விசாரணை அம்மாவிடமிருந்தே தொடங்குகிறது. ‘வயித்துல இருந்தப்போ என்ன சாப்பிட்டே?’, ‘கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா?’

பிறந்த குழந்தைக்குக்கூட வரும் ‘ஜெர்ம் செல் கட்டி’ என்றால் இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகிவிடும். அறிவியல் சொல்லும் பதில் வேறு.

பின்னாளில் கருமுட்டையாகவோ விந்தணுவாகவோ மாற வேண்டியவையே ஜெர்ம் செல்கள். கருவின் ஆரம்ப வாரங்களில் இவை ஓரிடத்தில் தோன்றி, சினைப்பை அல்லது விரை உருவாகும் இடத்துக்கு நகர்ந்து போகின்றன. வழியில் தங்கிவிடும் சில செல்களால்தான் வால் எலும்பு, நெஞ்சு, மூளை போன்ற இடங்களிலும் இந்தக் கட்டி வருகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

நம் மரபணுக்களின் மேல் ‘மீத்தைல்’ என்ற சிறு ரசாயன ஒட்டுகள் உண்டு. மரபணுவின் எழுத்தை மாற்றாமல், அதை ‘ஆன்’, ‘ஆஃப்’ செய்யும் சுவிட்ச் போன்றவை இவை. இதைப் பற்றிய படிப்புதான் எபிஜெனடிக்ஸ். ஜெர்ம் செல்கள் தங்கள் பயணத்தின்போது இந்த ஒட்டுகளில் பெரும்பகுதியை, சிலேட்டைத் துடைப்பதுபோல் அழித்துவிட்டு, பிறகு புதிதாக எழுதிக்கொள்கின்றன.

‘ஜெர்மினோமா’ வகைக் கட்டியில் சிலேட் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. சின்னக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ‘யோக் சாக்’ கட்டியிலோ ஒட்டுகள் அளவுக்கு மீறி ஏறி, செல் வளர்ச்சிக்கு பிரேக் போடும் சில மரபணுக்கள் அணைந்துகிடக்கின்றன. சிறு குழந்தைகளின் கட்டிகளில் மரபணு எழுத்துப்பிழைகள் குறைவு. சுவிட்ச் குளறுபடிகளே அதிகம்.

கர்ப்பத்தின் முதல் சில வாரங்களிலேயே, யார் கண்ணுக்கும் தெரியாமல் தொடங்கிவிடும் வேலை இது. பப்பாளியும் கிரகணமும் இதைத் தீர்மானிப்பதில்லை.

குழந்தைகளின் புற்றுநோய்களில் சுமார் 3 சதவிகிதம்தான் இந்த வகை. அறுவை சிகிச்சையும், தேவைப்பட்டால் 1970-களிலிருந்து பயன்பாட்டில் உள்ள சிஸ்பிளாட்டின் மருந்தும் பெரும்பாலான குழந்தைகளைக் குணமாக்குகின்றன. இந்த மருந்து காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம் என்பதால், சிகிச்சையின்போதும் பிறகும் செவித்திறன் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மீத்தைல் ஒட்டுகளை நீக்கும் மருந்துகள், இந்தக் கட்டிகளைப் பொறுத்தவரை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

* விரையில் வலியில்லாத, கெட்டியான வீக்கம். ‘நீர் கோத்திருக்கும், தானா சரியாகிடும்’ என்று காத்திருக்க வேண்டாம்.

* முதுகின் அடியில், வால் எலும்புப் பகுதியில் புடைப்பு.

* வயிறு பெரிதாவது, காரணம் தெரியாத மலச்சிக்கல்.

* ரத்தத்தில் ஏ.எஃப்.பி அளவு. பச்சிளம் குழந்தைக்கு இது இயல்பாகவே அதிகம். வயதுக்கேற்ற அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள்.

வீக்கம், புடைப்பு போன்றவற்றைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போதே பார்த்துவிடலாம். வீக்கம் தெரிந்தால் கூச்சப்படாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்யும் நேரத்தில், ஆஸ்பத்திரிக்கு அவருடன் துணைக்குப் போகலாமே!