அழகுக்காக அல்ல

என் மகள் பிறந்தபோது இடது நெற்றியிலிருந்து இமை வரை பீட்ரூட் சாறு தெளித்ததுபோல ஒரு படலம். "கிரகணத்தன்னைக்கு முகத்தைத் தொட்டியா?" என்று கேட்டார் மாமியார். தொட்டிருப்பேனோ என்று நானே பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

கருவில் ஏதோ ஒரு செல்லில், ஒரே ஒரு மரபணுவில் நேரும் மாற்றம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று 2013-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். பெற்றோர் வழி வருவதில்லை. தாய் செய்த தவறும் இல்லை. தோல் மருத்துவர் இதைச் சொன்ன அன்று பேருந்தில் அழுதுகொண்டே வீடு வந்தேன்.

லேசர் பற்றிப் பேசும் முன் அவர் எங்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். நெற்றியிலும் இமையிலும் இப்படி மறு இருந்தால் கண் அழுத்தம் கூடலாம், வலிப்பு வரலாம். பிரசவ வார்டில் இதை யாருமே சொல்லவில்லை. 'மச்சம்தான், வளர்ந்தால் போய்விடும்' என்றார்கள். இந்த மறு தானாகப் போகாது. வயது ஏற ஏறக் கறுக்கும், தடிக்கும்.

லேசர் சிகிச்சையில் 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளி பாய்கிறது. அதை ரத்தத்தின் சிவப்பு உறிஞ்சிச் சூடாகி, விரிந்த நாளங்களை மூடுகிறது. சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவுமுன் ஒளித் துடிப்பு முடிந்துவிடும். ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983-இல் எழுதிய தத்துவம் அது. நம் மாநிறத் தோலின் நிறமியும் அந்த ஒளியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதனால் பழகிய கை வேண்டும். அழகு நிலையங்களில் செய்கிற வேலையல்ல இது. ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல வலி, பத்து நாள் கன்றிப்போன முகம், சில வாரம் விட்டு மறுபடியும். முழுதாக மறைவது அரிது. ஆனால் கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கினால் நன்றாக வெளுக்கிறது.

இதற்குத்தான் காப்பீட்டு நிறுவனம் 'அழகு சிகிச்சை' என்று பணம் தர மறுத்தது. பிறவியிலேயே பழுதான ரத்த நாளங்களுக்குச் செய்வது எப்படி அழகு வேலையாகும்? நாங்கள் பணம் சேர்த்துக்கொண்டு வரும்வரை நாளங்கள் காத்திருக்குமா? தனியார் காப்பீடும் அரசுக் காப்பீடும் இதைப் பிறவி நோயாகவே ஏற்கவேண்டும். நெற்றியில் மறுவோடு பிறக்கும் குழந்தை வீடு திரும்புமுன் கண் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

மேல்முறையீட்டு மனுவில் மகளின் கண் அழுத்த அறிக்கையையும் இணைத்திருக்கிறேன். ஐந்தாவது லேசர் அமர்வு அடுத்த செவ்வாய்.