கவுனி திறந்தால் போதுமா?

“இடஒதுக்கீடு கொடுத்தாயிற்று, உதவித்தொகை கொடுத்தாயிற்று. இனிமேல் மலைஜாதிப் பிள்ளைகளுக்கு என்ன குறை? ஆராய்ச்சி படிக்க வந்த இடத்தில் தனியாகச் சங்கம் வேறு வேண்டுமா?” படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களை யானைக்கவுனிப் பக்கம் அழைக்கிறேன். ராஜஸ்தானத்திலிருந்து ஒரு வாலிபன் சென்ட்ரலில் வந்து இறங்குகிறான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால், சௌகார்பேட்டைக்குள் நுழைந்துவிட்டால் அவன் அநாதை அல்ல. தங்கத் தர்மசாலை இருக்கிறது. நாக்குக்குப் பழகிய ரொட்டி இருக்கிறது. மாமன் முறையில் ஒருவர் கடையில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறார். இதைப் பிரிவினை என்று யாராவது சொன்னதுண்டா? கெட்டிக்காரர்கள், ஒற்றுமையானவர்கள் என்றல்லவா மெச்சுகிறோம்!

அதே சென்ட்ரலில் கொல்லிமலையிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்து இறங்கினால்? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர். ஒதுக்கீடும் நூற்றுக்கு ஒன்றுதான். அப்படியானால் ஒரு துறையில் அநேகமாக அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சட்டம் அவளுக்கு இடத்தைக் கொடுக்கிறது. அந்தக் கணக்கே தனிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

ஆராய்ச்சி என்பது பெஞ்சில் நாற்பது பேரோடு உட்கார்ந்து படிக்கும் படிப்பல்ல. நாலைந்து வருஷம், ஒரு தலைப்பு, ஒரு வழிகாட்டி. அவர் முகம் சுளித்தால் போயிற்று. கட்டுரையை எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது, உதவித்தொகை வராவிட்டால் எந்த மேஜைக்குப் போவது, வழிகாட்டி சொல்வதை எப்போது மறுத்துப் பேசலாம் என்பதெல்லாம் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையிலேயே தெரிந்துவிடுகிறது. இவளுக்கு யார் சொல்வார்கள்?

2019 மே மாதம் பம்பாயில் மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர் பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். பில் பழங்குடியில் பிறந்தவர். மூத்த மாணவிகள் இழிவுபடுத்தினார்கள் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அப்படி மனம் நொந்த பெண் ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டக்கூடிய கதவு நம் சர்வகலாசாலைகளில் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இத்தனைக்கும் இவர்கள் வெறுங்கையோடு வருகிறவர்கள் அல்ல. 2017ல் ஃபிளாரிடா சதுப்புக் காட்டில் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்கர்கள் அழைத்தது நம் இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளரைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. அந்த வித்தையை அறிந்த வீட்டுப் பிள்ளையே எழுத வந்தால், அவனைத் தனியே விட்டுவிடுகிறோம்!

வேறு தேசங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் கிரஹாம் ஸ்மித் என்ற மாவோரிப் பேராசிரியர், 500 மாவோரி முனைவர்கள் வேண்டும் என்று கிளம்பினார். எந்தச் சர்வகலாசாலையில் படித்தாலும் மாவோரி ஆராய்ச்சி மாணவர்களை ஓரிடத்தில் கூட்டினார். 2005ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அந்நாட்டுப் பழங்குடியைச் சேர்ந்த ஜோ-ஆன் ஆர்ச்சிபால்ட் என்ற பேராசிரியையும் அவரும் சேர்ந்து அதே முறையைத் தொடங்கினார்கள். மூத்தவர் இளையவருக்கு வழி சொல்வார். குலப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

மத்திய சர்க்கார் பழங்குடி ஆராய்ச்சி மாணவர்களுக்கு வருஷத்துக்குப் புதிதாக 750 உதவித்தொகைகள் ஒதுக்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பணத்தோடு பேச முடியுமா? தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் சேர்ந்து, இந்த மாணவர்களை மாதம் ஒருமுறை கூட்டட்டும். ரயில் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கொடுக்கட்டும். மலையிலிருந்து பெரியவர்களை மரியாதையோடு அழைத்து வரட்டும்.

சௌகார்பேட்டைக்காரர்கள் இதையெல்லாம் தாங்களே செய்துகொண்டார்களே என்பீர்கள். வாஸ்தவம், அவர்களிடம் முதல் இருந்தது. முதல் இல்லாதவர்களுக்குச் சர்வகலாசாலைதான் முதல் போடவேண்டும்.