கிளைக்கதையின் இருள்

வீடியோ விளையாட்டுகளைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்கும் நம் திண்டுக்கல் இலக்கிய நண்பர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. நின்டெண்டோ 2000இல் வெளியிட்ட 'மஜோராஸ் மாஸ்க்' விளையாட்டையே சான்றாக முன்வைக்கிறோம். 1998இல் வந்த 'ஒகரினா ஆஃப் டைம்' என்னும் வீரகதையின் உருவங்களையே எடுத்தாண்டு, ஏறத்தாழ ஓராண்டில் உருவாக்கப்பட்ட கிளைக்கதை அது. அதில் இளவரசியை மீட்கும் சாகசம் இல்லை. கோரமுகம் கொண்ட நிலவு ஊரின்மீது இறங்குகிறது. மூன்று நாளில் அனைவரும் மடிவர். நாயகன் காலத்தை முதல் நாளுக்குத் திருப்பலாம். ஆனால் அவன் துயர் துடைத்தவர்கள் மீண்டும் பழைய துயரிலேயே நிற்பார்கள். முன்பே மாண்ட வீரன் தார்மானியின் ஆவியை ஆற்றுப்படுத்தலாம். அவன் உயிரை மீட்கவியலாது.

இவ்விருள் சிறுவர்க்கு ஆகாது என்போரை ஒன்று கேட்கிறோம். சிலம்பின் கிளையாகிய மணிமேகலையில், சுடுகாட்டில் அஞ்சி உயிர்விட்டவன் சார்ங்கலன் என்னும் சிறுவன் அல்லனா? மகனைத் தரும்படி மன்றாடும் கோதமைக்கு, போன உயிர் மீளாது என்றுதானே சம்பாபதி உணர்த்துகிறாள்? புகாரைக் கடல் கொள்ளவில்லையா? அவற்றை இலக்கியம் எனப் போற்றிவிட்டு, அதே மரணத்தை நேர்நின்று நோக்கும் இன்னொரு கிளைக்கதையை அதன் வடிவம் புதிது என்பதாலேயே புறந்தள்ளுவது விமர்சனம் அன்று, வெறும் சோம்பல்.