பதிவது நாங்கள், படிப்பது யார்?

என் அக்கா கிராம சுகாதாரச் செவிலியர். இருபத்தாறு வருசமாக ஊருக்கும் சேரிக்கும் நடந்து தேய்ந்த கால். எந்த வீட்டுப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி தவறிப்போச்சு, யாருக்கு எந்த வாரம் பிரசவம் - பதிவேட்டைத் திறக்காமலே சொல்வார். அவரைத்தான் ‘கம்ப்யூட்டர் தெரியாதவங்க’ என்கிறார்கள்.

கர்ப்பிணிகளைக் கணினியில் பதியும் பிக்மி தமிழ்நாட்டில் 2008இல் வந்தது. அந்தப் பதிவு எண் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி கிடையாது. 2021இல், ஒரே வருசத்தில், தடுப்பூசிக்குக் கோவின், அங்கன்வாடிக்குப் போஷன் டிராக்கர், மக்களைத் தேடி மருத்துவம். எல்லாம் செல்போனுக்குள். பயிற்சி? ஒரு நாள். ஒரு ஹால், நூறு பேர், இங்கிலீஷ் திரை, டீ, வருகைக் கையெழுத்து. பழகி முடிப்பதற்குள் திரையே மாறிவிடும்.

அப்புறம் யார் பதிந்தது? அக்கா மகன்தான். ராத்திரி பத்து மணிக்கு அம்மா பதிவேட்டை வாசிக்க, அவன் தட்டுவான். மேலே கணக்கு சரியாகப் போனது. திறமை மட்டும் அவன் விரலில் இருந்தது. அவன் வேலைக்கு ஓசூர் போனபோது அதுவும் கூடவே பஸ் ஏறிவிட்டது.

போன வருசம், செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பிய சேரிப் பெண் ஒருத்திக்குத் தேதி தப்பாக ஏறிவிட்டது. தவணை நின்றது. தப்பு எங்கே என்று அக்காவுக்குத் தேடத் தெரியவில்லை. மேலே போய்க் கேட்கச் சொன்னார்கள். மூன்று நாள் கூலியை விட்டு அந்தப் பெண் அலைந்தாள். அரைகுறைப் பயிற்சிக்கு விலை கொடுத்தது யார்?

‘வயசாச்சு, இவங்களுக்கு வராது’ என்கிறார்கள். நமக்குப் படிப்பு வராது என்று சொன்ன அதே வாய்தான். இவர்களுக்கு வராமல் இல்லை. யாரும் கற்றுத் தரவில்லை.

மாணவத் தோழர்கள் சிலர், ‘நாங்க வந்து பதிஞ்சு தர்றோம்’ என்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் அது இன்னொரு மகன்தான். நீங்களும் ஒருநாள் ஓசூர் போவீர்கள். பதிந்து தராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள். பயிற்சி வேலை நேரத்தில், மாதாமாதம், தமிழில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும். தெரிந்த செவிலியரே சக செவிலியருக்குச் சொல்லித்தர வேண்டும். போனிலும் எழுது, நோட்டிலும் எழுது என்ற இரட்டை வேலை ஒழிய வேண்டும். இதைக் கோரிக்கையாக வைத்துப் போராடுவோம்.

தட்டுவது மட்டும் திறமையாகாது. தட்டியதைத் திரும்ப எடுத்துப் படிக்க, திருத்த, கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். நம் சேரியில் எத்தனை தாய்மாருக்கு ரத்தசோகை என்று, பேர் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும், அக்கா தானே எடுத்துக் கிராம சபையில் எழுந்து படிக்கட்டும். அன்றைக்குச் சொல்கிறேன், அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று.